ரூபிக்குள் ஜாவாஸ்கிரிப்ட்: எந்த வழி வேகம்?

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு ரெயில்ஸில் (ரூபி மொழியின் வெப் ஃப்ரேம்வொர்க்) கேட்டலாக் சைட் செய்து தருகிறவர்கள் வேலூரில் கணிசம். "கூகுள்ல வரணும் சார்" என்று பார்ட்டி கேட்டதும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் எழுதிய பக்கத்தை பிரௌசருக்கு விடாமல், ரூபி ஓடும் சர்வரிலேயே ரெண்டர் செய்ய ஆரம்பிக்கிறோம். சைட் மந்தமாவதும் அங்கேதான்.

பெரும்பாலும் காரணம், ரூபியிலிருந்து ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எக்ஸெக்ஜேஎஸ் ஜெம் (ரூபி லைப்ரரி), பிரௌசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் வழியாக வேலை செய்வது. ஒவ்வொரு அழைப்புக்கும் அது ஒரு தற்காலிக ஃபைலை எழுதி, புதிதாக நோட் பிராசஸைக் கிளப்பி, விடையை வாங்கிக்கொண்டு அதை முடித்துவிடுகிறது. உங்கள் பண்டில் (ஜாவாஸ்கிரிப்ட் கோடெல்லாம் சேர்ந்த ஃபைல்) முழுவதும் ஒவ்வொரு தடவையும் கூடவே போகும். ஒவ்வொரு ஈடு இட்லிக்கும் அடுப்பை அணைத்துப் பற்றவைக்கிற கதை. ஒரே பக்கத்தில் 40 ஷூ கார்டுகளைத் தனித்தனியாக ரெண்டர் செய்தால் 40 தடவை நோட் எழும். 2011-இல் ரெயில்ஸ் 3.1 வந்தபோது காஃபிஸ்கிரிப்டை ஜாவாஸ்கிரிப்டாக கம்பைல் செய்ய இது போதுமாக இருந்தது. டெப்ளாய் நேரத்து வேலைக்கு இன்றும் போதும். ரிக்வெஸ்ட்டுக்கு நடுவே வைக்கக் கூடாது.

பழைய ஜெம்ஃபைலில் (ஜெம்களின் பட்டியல்) தெரூபிரேசர் என்ற ஜெம் இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். அதிலுள்ள வி8, அதாவது கூகுளின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின், அரதப்பழசு.

என் ஓட்டு மினி ரேசர் ஜெம்முக்கு. டிஸ்கோர்ஸ் என்ற ஃபோரம் சாஃப்ட்வேரின் சாம் சஃப்ரான் 2016-இல் வெளியிட்டது. வி8 ரூபி பிராசஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பண்டிலை ஒருமுறை ஏற்றினால் பிறகு வெறும் ஃபங்ஷன் கால்தான். டைம்அவுட், மெமரி வரம்பு இரண்டும் வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓடும்போது ரூபியின் பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடுவது) விட்டுவிடுவதால், வெப் சர்வரான பூமாவின் மற்ற த்ரெட்கள் முடங்காது. ஆனால் ஒரு கான்டெக்ஸ்ட்டை (ஜாவாஸ்கிரிப்ட் ஓடும் தனிச் சூழல்) ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பயன்படுத்த முடியும். நாலைந்து கான்டெக்ஸ்ட் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ஹீப், அதாவது தனி மெமரி. 2 ஜிபி மெமரி உள்ள விபிஎஸ்ஸில் (வாடகை சர்வர்) கணக்குப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இரண்டு இடத்தில் இது காலை வாரும். பூமா கிளஸ்டர் மோடில் (மாஸ்டர் பிராசஸ் தன்னையே ஃபோர்க், அதாவது நகல், எடுத்து வொர்க்கர்களை உருவாக்கும் முறை) ஆப்பை முன்கூட்டியே லோட் செய்து, மாஸ்டரிலேயே கான்டெக்ஸ்ட் உருவாக்கினால், ஃபோர்க் ஆன வொர்க்கர் பிழைகூடச் சொல்லாமல் அப்படியே தொங்கிவிடலாம். வி8-இன் பின்னணி த்ரெட்கள் ஃபோர்க்கைத் தாண்டி வராது. வொர்க்கர் எழுந்த பிறகு உருவாக்குங்கள். அடுத்தது, அங்கே இருப்பது வெறும் மொழி மட்டும்: பிரௌசரும் நோடும் தருகிற செட்டைம்அவுட் (தாமதமாக ஓட்டுவது) இல்லை, நோட் தருகிற ரிக்வயர் (வேறு ஃபைலை ஏற்றுவது) இல்லை. ரியாக்ட் 18-ஐ ஏற்றினால், எழுத்தை பைட்டாக மாற்றும் டெக்ஸ்ட்என்கோடர் எங்கே என்று கேட்கும். இல்லாததை ஈடுகட்டும் ஒரு சின்ன பாலிஃபில் கோடைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

மூன்றாவது வழி, நோடைத் தனி சர்வராக ஓடவிட்டு ரூபியிலிருந்து சாக்கெட் வழியே கேட்பது. பக்கத்தைத் துண்டு துண்டாக அனுப்பும் ஸ்ட்ரீமிங் வேண்டும், ரெண்டர் நடுவே டேட்டா இழுக்க வேண்டும் என்றால் இதுதான் கதி. அந்த நோட் ராத்திரி விழுந்தால் எழுப்ப ஆள் வேண்டும். ரெண்டு பேர் நடத்துகிற ஆபீஸுக்கு அது தேவையில்லாத சுமை.

மேலே சொன்ன இரண்டு இடங்களைத் தவிர, மினி ரேசருக்கு மாற கோடில் கைவைக்க வேண்டியதில்லை. ஜெம்ஃபைலில் சேர்த்தாலே எக்ஸெக்ஜேஎஸ் நோடைவிட அதற்கு முன்னுரிமை தரும். மாறிவிட்டதா என்று கன்சோலில் ரன்டைம் பெயரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டிலுமே கடைசியில் வி8 என்று வரும், முன்னால் இருப்பதைப் படியுங்கள்.