கண் கோடிங் சனிக்கிழமை வகுப்பு: ஆறு வாரம் படித்த பிறகு எழுதுகிறேன்

மெடிக்கல் கோடிங் என்றால் டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து அதற்கான குறியீட்டைப் போடும் வேலை. நான்கு வருடமாக ரேடியாலஜி கோடிங் செய்துகொண்டிருந்த என்னை, பிப்ரவரியில் ஒரு அமெரிக்கக் கண் கிளினிக்கின் சார்ட்டுகளுக்கு, அதாவது நோயாளிக் குறிப்புகளுக்கு மாற்றினார்கள். போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் முதல் ஆடிட்டில் 88 சதவீதம். எங்கள் டீமில் 95க்குக் கீழே போகக் கூடாது. தப்பில் பாதிக்கு மேல் கண் சிவந்து வந்தவர்களின் சார்ட். அதனால்தான் திருச்சியில் இந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு சனிக்கிழமை, ஆறாயிரம் ரூபாய்.

பாடம் எடுக்கும் மேடம் முன்பு ஆப்டோமெட்ரிஸ்டாக இருந்தவர். முதல் நாள் கோட் புத்தகத்தை (அமெரிக்காவின் ஐசிடி-10-சிஎம் நோய்க் குறியீட்டுப் பட்டியல்) திறக்கவே விடவில்லை. போர்டில் கண்ணை வரைந்து இமை, வெண்படலம், கருவிழி என்று பிரித்தார். அழற்சி இமையோடு நின்றால் எச் 01.0, வெண்படலம் என்றால் எச் 10, கருவிழியும் சேர்ந்தால் எச் 16.2. என் தப்பு அங்கேயே பிடிபட்டது. டாக்டர் கெராட்டோகன்ஜங்டிவைட்டிஸ் (கருவிழியும் வெண்படலமும் சேர்ந்த அழற்சி) என்று எழுதினால் எச் 10, எச் 16.2 இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது என்று சொல்லும் எக்ஸ்க்ளூட்ஸ்-1 குறிப்பு எச் 10 தலைப்புக்குக் கீழேயே இருக்கிறது. இத்தனை நாள் அதைப் படிக்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

நம் ஊரில் மெட்ராஸ் ஐ என்பதை அங்கே பிங்க் ஐ என்று எழுதுவார்கள். கோட் புத்தகத்தின் இண்டெக்ஸில் அந்தச் சொல்லைத் தேடினால் சீழ் கலந்த வகைக்கு, அதாவது எச் 10.02க்குக் கொண்டுபோய் விடும். ஆனால் அடினோவைரஸ் என்று டாக்டர் குறிப்பிட்டிருந்தால் கண் அத்தியாயத்தை விட்டே வெளியே வந்து பி 30.1 போட வேண்டும். கருவிழியும் பாதித்திருந்தால் பி 30.0. இதற்கு மட்டும் இருபது சார்ட் கொடுத்துப் பழக்கினார்.

மூன்றாவது வாரம் உலர் கண். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு இதுதான். வெறும் டிரை ஐ என்றால் எச் 04.12, கெராட்டோகன்ஜங்டிவைட்டிஸ் சிக்கா (வறட்சியோடு வரும் அழற்சி) என்றால் எச் 16.22, அது ஷோகிரன் என்ற நோயெதிர்ப்புக் கோளாறால் வந்தது என்றால் எம் 35.01. மூன்றிலும் கண் வறண்டுதான் இருக்கும், டாக்டர் எழுதிய சொல்தான் கோடைத் தீர்மானிக்கும். சந்தேகம் இருந்தால் டாக்டருக்கே க்வெரி (கேள்வி) அனுப்பு, ஊகிக்காதே என்று மேடம் திரும்பத் திரும்பச் சொன்னார். வலது, இடது, இரண்டும் என்று கடைசி இலக்கத்தைப் போடவும் விரட்டி விரட்டிப் பழக்கினார். எச் 10.44, அதாவது வெர்னல் கன்ஜங்டிவைட்டிஸுக்கு (ஒவ்வாமையால் வரும் வெண்படல அழற்சி) வலது, இடது என்ற பக்கம் கிடையாது. அதுவே கருவிழிக்குப் பரவி எச் 16.26 ஆனால் பக்கம் கட்டாயம். இதையெல்லாம் தானாகப் படித்துப் பிடிப்பது கஷ்டம்.

குறை என்றால் அச்சடித்த நோட்ஸ். தனியாக 800 ரூபாய் வாங்குகிறார்கள், ஆனால் பழையது. ஒரே கண்ணின் மேல் இமை, கீழ் இமை இரண்டிலும் பிளெஃபரைட்டிஸ் (இமை அழற்சி) இருந்தால் போட வேண்டிய எச் 01.00ஏ, எச் 01.00பி இரண்டும் 2018 அக்டோபரிலேயே வந்துவிட்டன. நோட்ஸில் இன்னமும் இமைக்கு ஒன்றாக இரண்டு கோடு போடச் சொல்லியிருக்கிறது. நான் காட்டியதும் மேடம் போர்டில் திருத்திவிட்டார். ஆபீஸில் சொன்னேன், சரி பார்க்கிறோம் என்றார்கள்; அடுத்த பேட்சுக்கும் அதே நோட்ஸைத்தான் கொடுத்திருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்வது நியாயமில்லை.

போன மாத ஆடிட்டில் 97 வந்தது. கண் பிராஜெக்டுக்குப் போகிறவர்கள் தாராளமாகச் சேரலாம். புதிதாகக் கோடிங் படிக்க வருகிறவர்களுக்கு வேகம் அதிகமாக இருக்கும். முடிந்தால் அக்டோபர் 1க்குப் பிறகு தொடங்கும் பேட்சில் சேருங்கள், அன்றுதான் புது வருட கோடுகள் நடைமுறைக்கு வரும். நோட்ஸை வாங்காமல் அந்த வருடத்துக் கோட் புத்தகத்தையே கையில் கொண்டு போங்கள்.