ஷட் டவுன் கொடுத்தாலும் அணையாத டெஸ்க்டாப்: ஐந்து வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ராத்திரி கம்ப்யூட்டரை ஓடவிடலாமா, அணைத்துவிடலாமா என்று நண்பர் கேட்டிருந்தார். அணைத்துவிடுங்கள். சும்மா நிற்கும்போது 50 வாட் இழுக்கும் பெட்டி, 24 மணி நேரமும் ஓடினால், ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட் தின்னும். மானிட்டர் இதில் சேரவில்லை. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அந்த 72 கட்டண அடுக்கையே மாற்றிவிடும்.

அணைத்து அணைத்துப் போட்டால் ஹார்டு டிஸ்க் போய்விடும் என்ற பயம் வேண்டாம். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்குகளுக்கே 50,000 தடவை நின்று சுழலும் தாக்குப்பிடிப்பு சொல்லப்படுகிறது. தினமும் பத்துத் தடவை அணைத்தாலும் 13 வருடம் தாண்டும்.

அணைக்காமல் தூங்கவைக்கும் ஸ்லீப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், சில வாட்தான் செலவு. கீபோர்டைத் தட்டினால் சில நொடியில் விட்ட இடத்திலேயே திரை வந்து நிற்கும். இந்த ஐந்து வருடத்தில் மிகவும் பிடித்த வசதி இதுதான்.

எரிச்சல் ஷட் டவுன் பட்டனில். விண்டோஸ் 8 காலத்தில் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், 10, 11 இரண்டிலும் பெரும்பாலும் தானாகவே ஆனில் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் நாம் திறந்த புரோகிராம்கள்தான் மூடப்படும். விண்டோஸின் உள்மையம், டிரைவர்கள் எல்லாம் அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டு, காலையில் அதே நிலையில் திரும்ப ஏற்றப்படும். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், சிபியு போய் அப்டைம் பாருங்கள். நேற்று ராத்திரி அணைத்த கம்ப்யூட்டர் பதினொரு நாளாக ஓடுவதாகக் காட்டும். பிரிண்டர் தெரியவில்லை, வைஃபை காணவில்லை என்று அணைத்துப் போட்டும் சரியாகாமல், ரீஸ்டார்ட் கொடுத்தவுடன் சரியாவது இதனால்தான். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது.

பழைய ஹார்டு டிஸ்க் கம்ப்யூட்டரில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காத்திருப்பை நன்றாகவே குறைத்தது, அதை மறுக்க முடியாது. எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்ட பெட்டியில் மிச்சமாவது சில நொடி. அதற்காக ஒரு பட்டன் தன் பெயருக்கு மாறாக வேலை செய்வதை ஏற்கவே முடியவில்லை.

நிறுத்தும் வழி: கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் வரி. மேலே இருக்கும் சேஞ்ச் செட்டிங்ஸ் இணைப்பை அழுத்தினால்தான் கீழே மங்கலாக இருக்கும் கட்டங்கள் உயிர் பெறும். அதில் டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்து சேவ் பண்ணுங்கள். ஒரே ஒரு தடவை முழுசாக அணைக்க, ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுனைக் கிளிக் செய்தால் போதும்.

அடுத்தது சுவர் சுவிட்ச். திரை கறுத்ததும் அதை அணைப்பது நம் வீடுகளில் பழக்கம். திரை கறுத்த பிறகும் டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருக்கும், எழுதும் வேலை முடிந்திருக்காது. ஃபேன் சத்தம் நின்ற பிறகே கை வையுங்கள்.

தினமும் சுவரில் அணைத்தால் இன்னொரு செலவும் உண்டு. பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை மதர்போர்டின் கடிகாரம் அதிலேயே ஓடும். இல்லாதபோது சிஆர்2032 பட்டன் செல்லைத் தின்னும். செல் தீர்ந்தால் தேதி பழைய வருடத்துக்குப் போய், வங்கித் தளம்கூடத் திறக்காமல் பிரவுசர் சான்றிதழ் பிழை காட்டும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்க நாம் வைத்த எக்ஸ்எம்பி அமைப்பும் பயாஸிலிருந்து (கம்ப்யூட்டரைத் துவக்கும் அடிப்படை மென்பொருள்) அழிந்திருக்கும். செல்லை மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திவிட்டு, ஓரத்துக் கிளிப்பைத் தள்ளினால் செல் தானாக எழும்பும். படுக்கைவாட்டு ஹோல்டரில் பிளஸ் குறி மேலே இருக்க வேண்டும்.

ஸ்லீப்பை இவ்வளவு புகழ்ந்த பிறகும் ராத்திரிக்கு முழு ஷட் டவுன்தான், சுவர் சுவிட்ச் ஆனிலேயே இருக்கட்டும். இடி இடிக்கும் நாளில் மட்டும் பிளக்கைப் பிடுங்குங்கள், இணையத்துக்கான லேன் கேபிளையும் சேர்த்து.