டாட்டன்ஹாம் ஸ்டேடியம்: ஒரு சீசன் டிக்கெட்காரனின் கணக்கு

2019 ஏப்ரலில் திறந்ததிலிருந்து, லண்டன் கால்பந்து கிளப்பான டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பரின் ஸ்டேடியத்தில், தெற்கு ஸ்டாண்டில் எனக்கு ஒரு சீட் உண்டு. ஸ்டேடியத்தை ஒட்டிக் கடை, ஹோட்டல், வீடு என்று கட்டுவதெல்லாம் கிளப்புக்கு நிஜமாகவே லாபமா என்று நண்பர்கள் கேட்பார்கள். லாபம்தான், ஆனால் கட்டியதைக் கிளப் தன் கையில் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஓட்டினால் மட்டும். அந்த லாபம் ஆட்டத்தில் தெரிகிறதா என்றால், அது வேறு கதை.

இங்கே ஸ்டேடியத்துக்கு முன்னால் வந்தது சூப்பர்மார்க்கெட். கிளப்பின் பழைய மைதானமான வைட் ஹார்ட் லேனில் ஆட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே பக்கத்தில் லில்லிவைட் ஹவுஸ் என்ற கட்டடத்தைக் கட்டிவிட்டார்கள். கீழே செயின்ஸ்பரிஸ், மேலே கிளப்பின் அலுவலகம், 2017-ல் ஒரு பள்ளியும் சேர்ந்தது. அணி ஜெயித்தாலும் தோற்றாலும் பால் வாங்க ஆள் வரும் அல்லவா?

உள்ளே போனால் காசு எப்படிப் புரள்கிறது என்பது கண்ணெதிரே தெரியும். தெற்கு ஸ்டாண்டின் கீழே 65 மீட்டர் நீளத்துக்கு ஒரு பார். பீர் கோப்பையின் அடியில் சின்னத் துளை, அதை மூட ஒரு காந்த வில்லை. மெஷின்மேல் வைத்து அழுத்தினால் பீர் அடியிலிருந்து மேலேறித் தானாக நிரம்புகிறது. பக்கத்தில் நின்று பிடிக்க ஆள் வேண்டாம், ஒருவரே நாலைந்து கோப்பையைக் கவனித்துக்கொள்ளலாம். சில்லறை கொடுக்கும் வேலையும் கிடையாது, எல்லாம் கார்டுதான். இடைவேளை 15 நிமிஷம்தானே, அதற்குள் எத்தனை பேருக்கு விற்க முடியும் என்று யோசித்தே கட்டியிருக்கிறார்கள். பழைய மைதானத்தில் 36,000 பேர் உட்காரலாம், இதில் 62,850 பேர். அங்கே 2015-16-ல் ஆட்ட நாள் வருமானம் சுமார் 4 கோடி பவுண்டு. இங்கே 2022-23-ல் 11 கோடியைத் தாண்டியது. கூட்டம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பணம் மட்டும் இரண்டரை மடங்குக்கு மேல்.

கால்பந்து இல்லாத நாட்களில்தான் இந்த இடத்தின் சூட்சுமம் புரியும். புல்தரை மூன்று துண்டாகப் பிரிந்து தெற்கு ஸ்டாண்டுக்கு அடியில் நகர்ந்துவிடும். கீழே இருக்கும் செயற்கைத் தரையில் அமெரிக்கக் கால்பந்தான என்எஃப்எல் ஆட்டம் நடக்கும். 2023-ல் பியான்சே ஐந்து இரவு பாடினார். ஸ்டாண்டுக்கு அடியில் எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயத்தின் பெயரில் சின்னக் கார்ட் வண்டிகளுக்கான பந்தயத் தளம் ஓடுகிறது, கூரைமேல் நடக்க டிக்கெட் விற்கிறார்கள். கால்பந்து அல்லாத பெரிய நிகழ்ச்சிகள் வருஷத்துக்கு 16 என்றிருந்த வரம்பை உள்ளூர் நிர்வாகமான ஹாரிங்கே கவுன்சில் 30 ஆக்கியிருக்கிறது. அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இது எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்கத்தான் வேண்டும்.

நாலு மைல் தள்ளி இருக்கும் இன்னொரு லண்டன் கிளப்பான ஆர்சனல் வேறு வழியில் போனது. 2006-ல் எமிரேட்ஸ் என்ற புது ஸ்டேடியத்துக்கு மாறியதும் பழைய ஹைபரி மைதானத்தை அடுக்குமாடி வீடுகளாக்கி விற்றார்கள். நடுவில் 2008 நெருக்கடி வந்து வீட்டு விலை சரிந்தது. எப்படியோ 2010 வாக்கில் அந்த வீடுகளுக்காக வாங்கிய கடன் அடைந்துவிட்டது. நல்ல பணம்தான், ஆனால் ஒரே தடவை வந்த பணம். அவர்களை வருஷா வருஷம் தாங்கியது 60,000 சீட்டுள்ள எமிரேட்ஸ்தான்.

லண்டனின் செல்சீ கிளப் இன்னொரு ரகம். தொண்ணூறுகளில் தங்கள் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜைச் சுற்றி ஹோட்டல் எல்லாம் கட்டினார்கள். அப்படியும் 2003-ல் கிளப் கை மாறியபோது கடனில்தான் நின்றது. 2023-ல் அதே ஹோட்டல்களைத் தங்கள் குழுமத்தின் இன்னொரு கம்பெனிக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்று நஷ்டக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். இந்தக் கணக்கை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஒப்புக்கொண்டது, ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யுஇஎஃப்ஏ ஒப்புக்கொள்ளவில்லை. வருமானத்துக்காகக் கட்டியது கடைசியில் கணக்கு நேராக்கத்தான் கைகொடுத்தது.

சரி, எங்கள் அணிக்கு என்ன கிடைத்தது? கட்டும் செலவே சுமார் 100 கோடி பவுண்டு. கடன் பெரிது, ஆனால் 2019-ல் 52.5 கோடியைக் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் பத்திரங்களாக மாற்றிவிட்டதால் கழுத்தை நெரிக்கவில்லை. 2023-24 கணக்கில் வருமானம் 50 கோடியைத் தாண்டியது, வீரர்களும் மற்றவர்களுமாகச் சேர்த்து சம்பளத்துக்குப் போனது அதில் பாதிகூட இல்லை. கணக்குப்பிள்ளைக்கு இது பெருமையாக இருக்கலாம். ஆட்டத்திலோ, 2024-25-ல் 20 அணிகள் ஆடும் பிரீமியர் லீகில் 17-வது இடம், 2025 மே மாதம் ஸ்பெயினின் பில்பாவோவில் ஐரோப்பிய கிளப்புகளுக்கான யூரோப்பா லீக் கோப்பை. 2008-க்குப் பிறகு வந்த முதல் கோப்பை. இரண்டையும் வைத்து ஸ்டேடியத்தைப் பாராட்டவும் முடியாது, திட்டவும் முடியாது.

என் போன்றவர்களுக்கு டிக்கெட் மலிவாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2024-25-க்கு 6 சதவீதம் ஏற்றினார்கள், கூடவே மூத்த குடிமக்களுக்கான சலுகையிலும் கை வைத்தார்கள். ரசிகர்கள் ஸ்டேடியத்திலேயே எதிர்ப்பைக் காட்டினார்கள். 2025-26-க்கு விலை ஏறவில்லை. பாட்டுக் கச்சேரியில் வரும் பணம் என் சீட்டின் விலையைக் குறைக்கும் என்ற எண்ணமே எனக்கு இப்போது இல்லை.

2015 டிசம்பரில் கவுன்சில் அனுமதித்த திட்டத்தில் 180 அறை ஹோட்டலும் ஏறக்குறைய 580 வீடுகளும் இருந்தன. ஹோட்டலைக் கிளப்பே வைத்துக்கொண்டால் என்எஃப்எல் வாரம், கச்சேரி வாரம் எல்லாம் அறை நிரம்பும், அதை நான் வரவேற்பேன். வீடுகளை விற்றுக் கிடைக்கும் தொகையை மட்டும் கிளப்பின் வருமானமாக எண்ணிப் பூரிக்க மாட்டேன்.