கூட்டு மாறல் கணக்கு: ஓரலகா, சூத்திரமா, காரணியா, மாறிலியா?

சென்னைக் காசிமேட்டில் 7 பெண்கள் சேர்ந்து 4 மணி நேரத்தில் 90 கிலோ இறால் உரிக்கிறார்கள். மறுநாள் இரண்டு பேர் வரவில்லை. வந்து இறங்கிய இறாலோ 150 கிலோ. வேலை முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

ஆள் குறைந்தால் நேரம் கூடும். இது எதிர் மாறல். எடை கூடினால் நேரமும் கூடும். இது நேர் மாறல். இரண்டும் ஒரே கணக்கில் வந்து உட்கார்ந்தால் கூட்டு மாறல். விளக்கம் அவ்வளவுதான். தகராறெல்லாம் இதை எந்த வழியில் போடுவது என்பதில்தான். வண்ணாரப்பேட்டையில் ஒரு டியூஷனில் ஒரு வழி சொல்வார்கள், தண்டையார்பேட்டை தாண்டினால் வேறு வழி, பள்ளிக்கூடத்தில் இன்னொன்று. பிள்ளை மூன்றையும் கலந்தடித்துவிட்டுப் பேனாவைக் கடிக்கும். இந்த இறாலை வைத்தே எல்லா வழிகளையும் உரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் ஓரலகு முறை. ஒரு ஆள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு உரிப்பார் என்று கண்டுபிடிப்பது. 90 கிலோவை 7 பேருக்கும் 4 மணிக்கும் வகுத்தால் 90/28. கடையில் ஒரு கிலோ விலை கேட்டுப் பழகிய எவருக்கும் இது உடனே புரியும், அதுதான் இதன் பலம். ஆனால் 90/28 என்பது 3.214… என்று நீண்டுகொண்டே போகும். பிள்ளை அதை 3.2 என்று வெட்டிவிடும். 5 பேருக்கு மணிக்கு 16 கிலோ, 150-ஐ 16-ஆல் வகுத்தால் 9 மணி 22½ நிமிடம். சரியான விடை 9 மணி 20 நிமிடம். பின்னத்தைப் பின்னமாகவே விட்டு வைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் விடுவதில்லை. ஆறாம், ஏழாம் வகுப்புக்கு இது போதும். அதற்கு மேல் இதையே பிடித்துக்கொண்டிருப்பது வீண்.

அடுத்தது போட்டித் தேர்வு வகுப்புகளின் செல்லப்பிள்ளை, சூத்திர முறை. ஆள் × நாள் × மணி ÷ வேலை. முதல் நிலையிலும் இரண்டாம் நிலையிலும் இந்த மதிப்பு மாறாது. ‘எம் டி எச் பை டபிள்யூ’ என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். நம் கணக்கில் நாள் தனியாக இல்லை, மணி மட்டும்தான். 7 × 4 ÷ 90 ஒரு பக்கம், 5 × நேரம் ÷ 150 மறு பக்கம். நேரம் 28/3 மணி, அதாவது 9 மணி 20 நிமிடம். நாலு வரியில் முடிந்தது.

இது ஏதோ கோச்சிங் சென்டர்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். ஐந்து எண்ணைக் கொடுத்து ஆறாவதைக் கேட்கும் கணக்குக்கு இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே விதி எழுதிவிட்டார். ஏழு, ஒன்பது, பதினொன்று வரைக்கும் அவரிடம் விதி உண்டு. இடப்பக்கம் 7, 4, 90; வலப்பக்கம் 5, தெரியாதது, 150. கடைசியில் இருக்கும் பலனை மட்டும் பக்கம் மாற்று: 90 வலப்பக்கம், 150 இடப்பக்கம். எண் அதிகம் உள்ள பக்கத்தின் பெருக்கலை மற்றப் பக்கத்தின் பெருக்கலால் வகு. 4200 ÷ 450. அதே 28/3. சமன்பாடு என்ற வார்த்தையே தெரியாதவரும் போட்டுவிடலாம்.

சூத்திரத்தின் ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது. எதைக் கொடுத்தாலும் அது விடை சொல்லிவிடும். 10 கிலோ நெத்திலி வெயிலில் காய 2 நாள் என்றால் 50 கிலோ காய எத்தனை நாள்? சூத்திரம் கூசாமல் 10 நாள் என்னும். கருவாடு போடுகிற ஆயாவிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார். பரப்ப இடம் இருந்தால் 50 கிலோவும் அதே 2 நாளில் காயும்.

இன்னொரு வலை, ‘வேலை’ என்ற இடத்தில் எதைப் போடுவது என்பது. வியாசர்பாடியில் ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகாலை 30 நாளில் முடிக்க வேண்டும். 20 பேர் 20 நாள் வேலை செய்து பாதிதான் முடிந்திருக்கிறது. குறித்த நாளில் முடிக்க இன்னும் எத்தனை பேர் கூடுதலாக வேண்டும்? மீதி வேலை பாதி, மீதி நாள் 10. சூத்திரம் 40 பேர் என்று சொல்லும். கேட்டது கூடுதல் ஆள், ஆகவே விடை 20. நான்கு விடைகளில் 40-உம் ஒன்றாகக் கட்டாயம் உட்கார்ந்திருக்கும், கேள்வி எடுப்பவர் என்ன ஏமாளியா?

மூன்றாவது, என் கட்சி: பெருக்கல் காரணி முறை. பழைய விடையை எழுது: 4 மணி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே கேள்வி: நேரம் ஏறுமா, இறங்குமா? ஆள் 7-லிருந்து 5 ஆனது, நேரம் ஏறும், ஆகவே பெரிய எண் மேலே, 7/5. எடை 90-லிருந்து 150 ஆனது, நேரம் ஏறும், 150/90. 4 × 7/5 × 5/3 = 28/3. ஒரே வரி.

இந்த வழியில் சூத்திரம் மறந்து போகும் என்ற பயமே கிடையாது, ஏனென்றால் சூத்திரமே இல்லை. ஒவ்வொரு காரணியையும் எழுதும்போது நிலைமையை யோசித்தே ஆக வேண்டும். கருவாட்டுக் கணக்கு வந்தால் ‘ஏறுமா?’ என்ற இடத்திலேயே கை நின்றுவிடும். ஆரம்ப எண்ணே தராத கேள்விகளிலும் இது ஓடும். ஆட்கள் 25 சதவீதம் கூடினால் நேரம் என்னாகும்? ஆள் 5/4 மடங்கு, நேரம் 4/5 மடங்கு, 20 சதவீதம் குறையும். இதே கேள்விக்குச் சூத்திரக்காரர் 100 ஆள், 100 மணி என்று கற்பனை செய்துகொண்டு வர வேண்டும்.

மாறிலி, அதாவது உறவில் மாறாமல் நிற்கும் எண், தெரியாமலேயே விடை காண முடியும் என்பதற்கு நியூட்டனை விடப் பெரிய சாட்சி வேண்டாம். ஈர்ப்பு விசை நிறைகளின் பெருக்கலுக்கு நேராகவும் தொலைவின் வர்க்கத்துக்கு எதிராகவும் மாறும் என்று அவர் அச்சில் சொன்னது 1687-ல். அதிலுள்ள மாறிலியின் மதிப்புக்கு வழி கிடைத்தது 1798-ல் ஆங்கில விஞ்ஞானி கேவண்டிஷ் பூமியின் அடர்த்தியை அளந்த பிறகு. இடையில் நூறு வருஷத்துக்கும் மேல். ஆனாலும் நிலா பூமியின் ஆரத்தைப் போல் 60 மடங்கு தூரத்தில் இருப்பதால், அங்கே ஈர்ப்பின் முடுக்கம் தரையில் உள்ளதில் 3600-ல் ஒரு பங்கு என்று நியூட்டனால் சொல்ல முடிந்தது. அதுவும் காரணி முறைதான்.

அப்படியானால் மாறிலி முறை எதற்கு? இறால் கணக்குக்கு அது கொஞ்சம் சுற்றுவழி. நேரம் = மாறிலி × எடை ÷ ஆட்கள். பழைய எண்களைப் போட்டால் மாறிலி 14/45. அதாவது ஒருவர் ஒரு கிலோ உரிக்க 18 நிமிடம் 40 விநாடி. பார்த்தால் ஓரலகு முறையின் அண்ணன்தான் இது, தலைகீழாக நிற்கிறான்.

ஆனால் வர்க்கம், கனம் என்று வந்துவிட்டால் இதன் அருமை தெரியும். கம்பியின் மின்தடை நீளத்துக்கு நேராகவும் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிராகவும் மாறும். 2 மி.மீ. விட்டமுள்ள 100 மீட்டர் தாமிரக் கம்பிக்குச் சுமார் 0.54 ஓம். 3 மி.மீ. விட்டத்தில் 150 மீட்டருக்கு? மாறிலி 0.54 × 4 ÷ 100 = 0.0216. விடை 0.0216 × 150 ÷ 9 = 0.36 ஓம். வர்க்கத்தை மறந்து காரணி போட்டால் 0.54 × 3/2 × 2/3, பழையபடி 0.54-ஏ வந்து நிற்கும். தடித்த கம்பியும் நீளக் கம்பியும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டது போல அழகாக ஏமாற்றும். உறவை முதலிலேயே சமன்பாடாக எழுதி வைக்கிறவர் வர்க்கத்தை மறப்பது குறைவு. அதே தாமிரத்தில் பத்து அளவுக்குக் கேட்டாலும் மாறிலியை ஒருமுறை கண்டுபிடித்தால் போதும். உலோகமோ வெப்பநிலையோ மாறினால்தான் அது மாறும்.

ஆகவே யாருக்கு எது? டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் 200 கேள்விக்கு 180 நிமிடம், ஒரு கேள்விக்கு 54 விநாடி. திறனறிவுப் பகுதி 25 கேள்விதான், ஆனால் நேரத்தைத் தின்பதும் அதுதான். அங்கே காரணி முறை; நாள், மணி, ஆள், வேலை நான்கும் ஒழுங்காக வரிசைகட்டி வந்தால் மட்டும் சூத்திரம். பள்ளித் தேர்வில் படிப்படியாக எழுதினால்தான் முழு மதிப்பெண். அங்கே ‘எதிர் மாறல், ஆகவே 7/5’ என்று காரணத்தை எழுதியே காட்டுங்கள். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் எடுக்கப் போகிற பிள்ளை, இந்தக் கோடை விடுமுறையிலேயே மாறிலி முறையில் கையை ஓடவிட்டுக்கொள்வது நல்லது.