கிளவுடா, பட்டர்வொர்த்தில் ஒரு பெட்டியா? சிறு அச்சகத்துக்கான தொலைவுக் காப்புநகல்

2024 தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் லெபு பசாரில் உள்ள எங்கள் அச்சகத்தின் முதன்மைக் கணினியில் வன்தட்டு செயலிழந்தது. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழாச் சுவரொட்டி, நாள்காட்டி என ஏறத்தாழ 600 ஜிபி வடிவமைப்புக் கோப்புகள் அதில் இருந்தன. மாதக் கட்டணம் செலுத்தி வந்த கிளவுட் சேவையில், அதாவது இணையம் வழியாகக் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நிறுவனத்தின் கணினிகளில், அவை அனைத்தும் பத்திரமாக இருந்தபோதிலும், கடைசிக் கோப்பு கைக்கு வந்துசேர நான்கு நாள் ஆயிற்று. வாடிக்கையாளர்கள் கடை வாசலில் காத்திருந்த அந்த நான்கு நாளுக்குப் பிறகே, கிளவுட், வேறிடத்தில் வைக்கும் சொந்தச் சேமிப்புப் பெட்டி என்ற இரண்டு வழிகளையும் அருகருகே வைத்து எடைபோடத் தொடங்கினேன்.

வன்தட்டை மாலையில் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பழக்கத்தை இங்கு விரிவாகப் பேச வேண்டியதில்லை. வேலை மிகுந்த வாரத்தில்தான் அது மறந்துபோகும். இரண்டு இடங்களில் ஒரே கோப்புகளை எப்போதும் ஒன்றுபோல வைத்திருக்கும் ஒத்திசைவுக் கோப்புறையும் காப்புநகல் (பேக்கப்) ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

கிளவுட் சேவையின் நன்மைகள் வெளிப்படையானவை. கருவியைப் பராமரிக்க வேண்டாம், மின்வெட்டைப் பற்றிக் கவலையில்லை, கோப்பின் பழைய பதிப்புகளும் ஒரு காலம்வரை கிடைக்கும். முதல் பதிவேற்றத்துக்குப் பொறுமை வேண்டும் என்பதும் தாங்கக்கூடியதே. இடர் மீட்டெடுப்பில்தான் இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 600 ஜிபியை இறக்கக் கணக்குப்படி பதின்மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆக வேண்டும். ஆனால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சேவையகம் பொட்டலங்களாகக் கட்டித் தருவதற்கே பல மணி நேரம் பிடித்தது. பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது நான் நம்பியிருப்பது சினாலஜி நிறுவனத்தின் இரண்டு நாஸ் பெட்டிகளை, அதாவது வன்தட்டுகள் பொருத்தி வலையமைப்பில் இணைக்கும் சேமிப்புக் கருவிகளை. ஒன்று கடையில், மற்றொன்று தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் மைத்துனர் வீட்டு மாடியில். முதல் நகலை இணையம் வழியாக அனுப்பவில்லை. இரண்டு பெட்டிகளையும் கடை மேசைமேல் வைத்துக் கேபிளால் இணைத்து ஒரே இரவில் நகலெடுத்து, மறுநாள் காரில் வைத்துப் பினாங்குப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதன்பின் ஒவ்வோர் இரவும் மாறிய பகுதி மட்டுமே சினாலஜியின் ஹைப்பர் பேக்கப் செயலி வழியாக, கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்யப்பட்டுச் செல்கிறது. கடை முழுவதும் பாழானாலும், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டால் போதும், அன்று மாலையே வேலையைத் தொடரலாம்.

இதைவிட முக்கியமான காரணம், மீட்டெடுப்பை ஒத்திகை பார்க்க முடிகிறது என்பது. கிளவுட்டிலிருந்து 600 ஜிபியைச் சோதனைக்காக இறக்கிப் பார்க்க யாருக்கும் மனம் வராது. நானும் அதைச் செய்ததே இல்லை. பெட்டியைக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோப்புகள் அனைத்தையும் வேறொரு கணினியில் மீட்டெடுத்தேன். 2016ஆம் ஆண்டு அழைப்பிதழ் ஒன்றைத் திறந்தபோது, மணமக்கள் பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. யூனிகோடு பரவுமுன் செய்யப்பட்ட, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய எழுத்துரு அதில் பயன்பட்டிருந்தது. எழுத்துருக் கோப்புறையைக் காப்புநகலில் சேர்க்கவே இல்லை. கோப்பு பழுதின்றி இருந்தும் அச்சுக்குப் பயன்படாது. ஒத்திகை பார்த்திராவிட்டால், உண்மையான இழப்பு நேர்ந்த நாளில்தான் இது தெரிந்திருக்கும். எழுத்துருக் கோப்புறை அன்றே பட்டியலில் சேர்ந்தது.

பெட்டிக்கும் குறைகள் உண்டு. ஒரு பெட்டிக்குள் இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவைப் பிரதியெடுத்து வைப்பது ஒரு தட்டின் பழுதிலிருந்து மட்டுமே காக்கும். தவறுதலாக அழித்ததையோ வைரஸ் போன்ற தீநிரல் பூட்டியதையோ அது மீட்டுத் தராது, அதற்குப் பழைய பதிப்புகளே துணை. இடி இடித்தால் மைத்துனர் வீட்டில் மின்சாரம் தடைப்படுவதால் மின்சாரம் போனாலும் சற்று நேரம் பெட்டியை இயக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்றும் வாங்க நேர்ந்தது. என் பெட்டிகளில் இதுவரை எந்தத் தட்டும் பழுதாகவில்லை என்பதால், அவை பத்தாண்டு உழைக்குமா என்பதைப் பற்றி அனுபவத்தால் எதுவும் சொல்ல இயலாது. 2017 நவம்பர் வெள்ளம் தீவையும் பட்டர்வொர்த் அமைந்துள்ள செபராங் பிறையையும் ஒருசேரத் தாக்கியது என்பதையும் மறக்கவில்லை. மாடியில் வைத்ததற்கு அதுவே காரணம்.

ஆகவே, கணக்குப் பதிவுகளை மட்டும் கிளவுட்டுக்கும் அனுப்புகிறேன். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி ஏழாண்டுகள் வைத்திருக்க வேண்டிய அவை எங்களிடம் மூன்று ஜிபியைத் தாண்டவில்லை. சில நிமிடங்களில் இறக்கிவிடலாம். இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கணக்கு மென்பொருள் திறந்திருக்கையில் அதன் தரவுத்தளக் கோப்பை நேராக நகலெடுத்தால், அந்த நகல் பின்னர் திறக்காமல் போகலாம். மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் காப்புநகல் கட்டளையால் ஒரு கோப்பை உருவாக்கி, அதை அனுப்புவதே முறை.

உங்கள் தரவு முழுவதும் இருபது ஜிபிக்குள் அடங்கும் என்றால், மளிகைக் கடையானாலும் கணக்கர் அலுவலகமானாலும், பெட்டி வாங்க வேண்டாம். கிளவுட்டே போதும், ஒத்திகையும் அரை மணி நேரத்தில் முடியும். படங்களும் வடிவமைப்புகளும் குவிந்திருக்கும் தொழிலுக்கு நான் பெட்டியையே பரிந்துரைப்பேன். எதைத் தேர்ந்தாலும் மறைகுறியாக்கக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, கடைக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் கோப்புகளை மீட்டுத் தர யாராலும் முடியாமல் போகலாம். எங்களுடையது மைத்துனர் வீட்டு அலமாரியில், நிலப் பத்திரங்களோடு இருக்கிறது.