ஆயில் மாற்ற இனி ஸ்பேனர் வேண்டாம்

காரின் இன்ஜின் ஆயிலை வடிக்கக் கழற்றும் ட்ரெயின் (drain) போல்ட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஃபுமோட்டோ என்ற பிராண்டின் வால்வைப் பொருத்தியிருக்கிறேன். உள்ளே இருப்பது சின்ன பால் (ball) வால்வுதான், அதாவது துளையிட்ட உருண்டை திரும்பித் திறந்து மூடும் வால்வு. லீவரைத் தூக்கிக் கால் வட்டம் திருப்பினால் ஆயில் இறங்கும். மூடியதும் லீவர் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதிர்வுக்கெல்லாம் அசையாது. நான் வாங்கியது மூக்கு வைத்த மாடல். அதில் குழாயை மாட்டி நேராகக் கேனுக்குள் விடலாம்; முழங்கை வரை கறுப்பு வழிகிற கூத்து இல்லை.

துளை சிறியது, அதனால் வடிய நேரமாகும். இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே திறந்துவிடுங்கள். அப்புறம், வால்வு சம்ப்புக்கு (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கீழே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். தரையை ஒட்டித் தாழ்ந்த வண்டியில் அது அடிபடலாம்; அதற்கு, இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்த போல்ட்டே போதும் என்பேன். போல்ட்டின் மரை அளவு (விட்டமும் புரி இடைவெளியும், மில்லிமீட்டரில்) எம்14-1.5 ஆ, எம்12-1.25 ஆ என்று பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள்.