ஜி.எச்.சா, காப்பீட்டு அட்டையா, அரவிந்த் வழியா?

மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு இதுதான்: ஜி.எச். போகலாமா, கார்டைக் காட்டி பிரைவேட்டில் பார்க்கலாமா? இரண்டிலும் நம் கைக்காசு போகாது என்றாலும் பணம் வரும் வழி வேறு. கவனிப்பு மாறுவதும் அதனால்தான்.

ஜி.எச்.சுக்கு முக்கியமாக அரசு பட்ஜெட்தான். டாக்டருக்கு மாதச் சம்பளம் என்பதால் காய்ச்சல்காரரும் கால் முறிந்தவரும் அவருக்கு ஒன்றுதான். மருந்துகளை 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. சர்க்கரை மாத்திரை மாதாமாதம் இலவசமாகக் கிடைப்பது அப்படித்தான். குறை என்றால் வரிசை. அப்புறம், துணைக்கு ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அவர் இழக்கும் கூலியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

காப்பீடு வேறு மாதிரி. 2009-இல் கலைஞர் பெயரில் வந்த திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. பிரீமியம் அரசு கட்டுகிறது. மருத்துவமனைக்கு ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை போகும். பட்டியலில் இருக்கும் ஆபரேஷனுக்குக் கார்டு செல்லும், சாதாரணக் காய்ச்சலுக்கு ஓ.பி. சீட்டு போட்டால் செல்லாது. தொகை கட்டுப்படியாகாத கேஸில் தனியாருக்கு ஆர்வம் குறைவதும் இயல்புதான்.

பலர் கவனிக்காத ஒன்று: இதே கார்டு ஜி.எச்.சிலும் செல்லும். அங்கே ஆபரேஷன் செய்தால் காப்பீட்டுப் பணம் அந்த அரசு மருத்துவமனைக்கு வரும். "இலவச ஆஸ்பத்திரியில் எதற்குக் கார்டு?" என்று கவுன்டரில் சண்டை போடாதீர்கள்.

மூன்றாவது, அரவிந்த் கண் மருத்துவமனை. 1976-இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. காசு கட்டுபவர்கள் தரும் பணத்தில் கட்ட முடியாதவர்களுக்கும் ஆபரேஷன் நடக்கிறது. 1992-இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் சொந்தமாகச் செய்ததால் செலவு இறங்கியது. ஆனால் கண்புரை சீக்கிரம் முடிகிற, ஒரே மாதிரியான ஆபரேஷன். ஒரு நாளில் நிறையப் பேருக்குச் செய்யலாம். தலையில் அடிபட்டு வாரக்கணக்கில் ஐ.சி.யூ.வில் கிடப்பவருக்கு இந்தக் கணக்கு உதவாது.

என்னைக் கேட்டால், கண்புரைக்கு அரவிந்த். மூட்டுக்கு, பக்கத்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே கார்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பேன்.